பல் வேரில் சீழ்: மனிதருக்கும் நாய்க்கும், கண்டறிவது முதல் சிகிச்சை வரை – முழுமையான வழிகாட்டி

நான் பல் மருத்துவர் அல்ல. கால்நடை மருத்துவரும் அல்ல. தெருநாய்களையும் வீட்டு நாய்களையும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு அலைவதில் பல ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. நடுவில் என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றும் சீழ் கோத்து என்னைப் படுத்தி எடுத்தது. இரண்டு இடத்திலும் மக்கள் செய்யும் தவறு ஒன்றுதான். வீக்கம் வடிந்ததும் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். வடிவது வீக்கம் மட்டுமே. அதைக் கிளப்பிவிட்ட பல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். குறிப்பாக 1ஆம் படியையும், நாயாக இருந்தால் 5ஆம் படியையும் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

1. முதலில் உயிர் ஆபத்து உண்டா என்று பாருங்கள்

எந்தப் பல், எதனால் என்பதெல்லாம் பிறகு. மூச்சை அடைக்கக்கூடிய வீக்கமா என்பதுதான் முதல் கேள்வி. கீழ்த்தாடைப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் பரவினால், நாக்கு மேலெழும்பிப் பின்னால் தள்ளப்படும். சில மணி நேரத்தில் மூச்சு விட இடமில்லாமல் போகலாம். லுட்விக் ஆஞ்சைனா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

மனிதரிடம் பார்க்க வேண்டியவை: எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விடுவது; வெற்றிலை குதப்பிக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறுவது; இரண்டு விரல்கூட நுழையாதபடி வாய் இறுகுவது; தாடைக்குக் கீழும் கழுத்திலும் கல் போன்ற வீக்கம்; குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். மேல்தாடைப் பல் என்றால் கண் மூடும் அளவுக்கு வீக்கம், கண்ணை அசைத்தால் வலி, பார்வை இரட்டையாகத் தெரிவது. முகத்து ரத்தக்குழாய்களுக்கும் மண்டைக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களுக்கும் தொடர்பு உண்டு என்பதால் கண் பக்கம் ஏறும் வீக்கத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் வாசலில் டோக்கன் வாங்கிக் காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்; வாகனம் இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடும் வசதி சின்னக் கிளினிக்கில் இருக்காது. போகும் வழியில் நோயாளியைப் படுக்க வைக்க வேண்டாம். படுத்தால் நாக்கு இன்னும் பின்னால் சரியும்.

மேலே சொன்ன எதுவும் இல்லை, ஆனால் முகத்தில் வீக்கம் இருக்கிறது என்றால் அன்றைக்கே பல் மருத்துவர். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், புற்றுநோய் மருந்தோ உறுப்பு மாற்று மருந்தோ எடுப்பவர்கள் வீக்கம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். சீழ் இருந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் சீழ் பெருகும். ஒன்றுக்கொன்று விறகு போட்டுக்கொள்ளும்.

நாயிடம் அவசரம் என்பது இவை: ஒரு கண் மட்டும் வெளியே தள்ளி நிற்பது, வாயைத் திறக்க முயன்றாலே அலறுவது, தொண்டைப் பக்கம் வீக்கம், மூச்சில் கரகரப்பு, தண்ணீரைக்கூட மறுப்பது. கண்ணுக்குக் கீழே வெறும் வீக்கம் மட்டும், சாப்பாடு நடக்கிறது என்றால் ஓரிரு நாளுக்குள் காட்டினால் போதும்.

2. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

மனிதருக்கு: டார்ச், சின்னக் கண்ணாடி, தெர்மாமீட்டர். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் அத்தனையும். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதன் பெயர். பென்சிலின் வகை ஒவ்வாமையைச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. பல்லில் வடியும் ரத்தத்தை அழுத்தி நிறுத்திவிடலாம். இதயக் குழாயில் உறையும் ரத்தத்தை அப்படி நிறுத்த முடியாது.

நாய்க்கு: கழுத்துப்பட்டை, கயிறு, கையுறை, ஒன்றரை மீட்டர் துணிப்பட்டை (வாய்க்கட்டு போட), செல்போன், கூட ஓர் ஆள். முக்கியமாகத் தடுப்பூசி அட்டை. அது ஏன் என்பது 5ஆம் படியில் வருகிறது.

3. உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மிச்சப் படிகள் எல்லாம் தாமாக விளங்கும்.

பல்லின் நடுவே பற்கூழ் இருக்கிறது: நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மென்மையான சதை. சொத்தையோ உடைசலோ அதுவரை எட்டினால் கிருமி உள்ளே போகிறது. கூழ் வீங்குகிறது, சுற்றிலும் கடினமான சுவர் என்பதால் விரிய இடமில்லை, நசுங்கிச் சாகிறது. செத்த கூழ் கிருமிகளின் குடியிருப்பாகிறது. அங்கிருந்து வேர் நுனியில் உள்ள துளை வழியாகத் தாடை எலும்புக்குள் சீழ் இறங்குகிறது.

மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் போக வேண்டிய இடத்துக்குப் போகும். செத்த கூழுக்கு ரத்த ஓட்டமே இல்லை. ஆகவே எவ்வளவு விலையுள்ள ஆன்டிபயாடிக் என்றாலும் வேர்க்கால்வாய்க்குள் நுழையாது. வெளியே பரவியதை மட்டும் அடக்கும். மாத்திரை தீர்ந்ததும் உள்ளே இருப்பவை மறுபடி வெளியே வரும்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை போல இடைவெளி விழுந்து அதில் சீழ் பிடிப்பது ஒன்று. பாதி முளைத்த ஞானப்பல்லின் மேல் மூடியிருக்கும் ஈறுக்குள் உணவு சிக்கிப் பழுப்பது இன்னொன்று. நாய்களுக்குச் சொத்தை அபூர்வம். அவற்றுக்குப் பல் உடைவதும் ஈறு நோயும்தான் காரணம்.

4. உங்கள் வாயில் கண்டறிவது

அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு வரிசையில் வரும். எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

தொடக்கத்தில் சூடான காபி பட்டால் சுள்ளென்று பிடித்து, காபியை விழுங்கிய பிறகும் நிமிடக்கணக்கில் விடாது. அடுத்து, நாடித் துடிப்புக்கு ஏற்ப விண்விண் என்று தெறிக்கும். இரவில் படுத்தால் தலைக்கு ரத்த அழுத்தம் கூடுவதால் வலியும் கூடும். எந்தப் பல் என்று இந்தக் கட்டத்தில் சரியாகச் சொல்ல முடியாது. மேல்பல்லா கீழ்ப்பல்லா என்றுகூடக் குழம்பும். காதுவலி என்று காது மருத்துவரிடம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வலி சட்டென்று நிற்கும். இங்கேதான் பத்துப் பேரில் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் நின்றது. கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்த மறுநாள் நின்றதால் புகைக்கே பெருமை போனது. புழு ஏதும் விழவில்லை. பல்லில் புழுவே கிடையாது. நரம்பு செத்துப்போனதால் வலி நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

சில நாளோ சில மாதமோ கழித்து அடுத்த கட்டம். அந்தப் பல் மற்றதைவிட உயர்ந்துவிட்டது போலத் தோன்றும். வாயை மூடும்போது அதுதான் முதலில் இடிக்கும். வேர் நுனியில் சேர்ந்த சீழ் பல்லை மேலே தள்ளுவதால் இப்படி. இப்போது எந்தப் பல் என்று விரலை வைத்துக் காட்ட முடியும். ஈறில் சின்னக் கொப்புளம் வரலாம். அது உடைந்தால் வாயில் உப்பும் துர்நாற்றமும் கலந்த சுவை வரும், வலி குறையும். கொப்புளம் வருவதும் போவதுமாக இருந்தால் சீழ் தனக்கொரு வாசல் வைத்துக்கொண்டது என்று பொருள். ஆறிவிட்டது என்று பொருள் அல்ல.

குழந்தைகளின் பால்பல்லில் கொப்புளம் வந்தால், எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விடாதீர்கள். அதன் வேருக்கு அடியிலேயே நிலைப்பல்லின் முளை இருக்கிறது.

5. நாயின் வாயைத் தொடுவதற்கு முன்: ரேபிஸ் கேள்வி

எச்சில் வழிகிறது, வாயை மூட முடியவில்லை, விழுங்கத் திணறுகிறது. இதைப் பார்த்ததும் பல்லில் ஏதோ என்றும் தொண்டையில் எலும்பு என்றும் நினைத்துக் கையை விடுகிறவர்கள் உண்டு. ரேபிஸ் நோயின் ஒரு வகையும் இதே முகத்தோடுதான் வரும். அந்த வகையில் நாய் கடிக்கவும் பாயவும் வேண்டியதில்லை. தாடை தொங்கிச் சோர்ந்து கிடக்கும்.

தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லாத நாய், சில நாளாகக் குணம் மாறியிருக்கிறது, குரைப்பின் ஓசை மாறியிருக்கிறது, தள்ளாடுகிறது, தாடை தொங்குகிறது என்றால் வாயைத் தொடாதீர்கள். யாரும் நெருங்காதபடி பார்த்துக்கொண்டு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். எச்சில் ஏற்கெனவே கைக்காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டுவிட்டதா? காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணையும் வாயையும் வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வெட்கப்படவோ யோசிக்கவோ நேரமில்லை. அறிகுறி தோன்றிய பிறகு ரேபிஸுக்கு மருந்து இல்லை.

6. நாயின் வாயில் கண்டறிவது

பல்வலி என்று நாய் முனகாது. சாப்பிடுவதையும் நிறுத்தாது. 'நன்றாகத்தான் சாப்பிடுகிறது' என்று சொல்லி மூன்று மாதம் தள்ளிப்போட்டவர்கள் எத்தனையோ பேர். பழக்கத்தில் வரும் சின்ன மாற்றங்களைத்தான் கவனிக்க வேண்டும். தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லுவது, உணவை வாயிலிருந்து நழுவ விடுவது, விருப்பமான எலும்பை முகர்ந்துவிட்டு நகர்வது, முகத்தை முன்காலால் தேய்ப்பது, தலையைத் தடவ வந்தால் விலகுவது, ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ.

எங்கள் நாய் கருப்பனுக்கு வலது கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீங்கியது. குளவி கொட்டியிருக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். நான்கு நாளில் வடிந்தது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் வீங்கி, தோல் உடைந்து, வேர்க்கடலை அளவுக்கு ஓட்டை விழுந்தது. மஞ்சள் பூசினோம். அதுவும் ஆறியது. மூன்றாவது முறை வந்தபோதுதான் ஒருவர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். மேல்வரிசையின் மிகப் பெரிய பல்லில் வெளிப்பக்கத்துச் சில்லு ஒன்று பெயர்ந்து ஈறில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. வாரந்தோறும் ஆட்டுக்கால் எலும்பு போட்டது நான்தான்.

அந்தப் பல் மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப்பல். வளர்ந்த நாயின் 42 பற்களில் இறைச்சியையும் எலும்பையும் வெட்டும் வேலையை மேலே செய்வது அதுதான். மூன்று வேர்கள் கொண்டது. வேர் நுனிகள் கண்ணுக்குச் சற்றுக் கீழே முடிவதால் சீழ் அங்கே வந்து வெளிப்படுகிறது. கொட்டு வீக்கம் சில நிமிடங்களிலேயே பொசுபொசுவென்று எழும்பி ஓரிரு நாளில் போய்விடும். கண்ணுக்குக் கீழே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பல்லைச் சந்தேகியுங்கள். கண்ணீர்ப்பை அழற்சியும் கட்டியும்கூட அங்கே வீக்கம் தரும் என்பதால் முடிவு செய்வது மருத்துவர்தான்.

பார்க்கும் முறை இது. நாய்க்கு எதிரே உட்காராதீர்கள், பக்கவாட்டில் உட்காருங்கள். கூட இருப்பவர் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. வாய் மூடியபடி இருக்க, கட்டைவிரலால் மேலுதட்டின் பின்மூலையை உயர்த்திப் பின்னுக்கு இழுங்கள். கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கம் முழுவதும் தெரியும். செல்போனில் படம் எடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நாய் உறுமினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் கடி வாங்குவதால் பல் குணமாகப்போவதில்லை.

படத்தில் தேட வேண்டியவை: உடைந்த விளிம்பு, உடைசலின் நடுவே இளஞ்சிவப்புப் புள்ளி (புதிதாகத் திறந்த கூழ்) அல்லது கரும்புள்ளி (செத்த கூழ்), ஊதாவாகவோ சாம்பலாகவோ நிறம் மாறிய பல், ஈறில் சிவந்த கொப்புளம். இன்னொன்று பலர் கவனிக்காதது. ஒரு பக்கத்தில் மட்டும் காரை (பல்லில் ஒட்டி இறுகிய அழுக்குப் படிவு) தடிமனாகப் படிந்திருந்தால், நாய் அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். மெல்லும்போது பற்கள் உராய்ந்துதான் காரை ஓரளவு கழிகிறது. வயதான நாயின் தேய்ந்த பல்லில் பளபளப்பான பழுப்புப் புள்ளி இருந்தால் பதற வேண்டாம். தேய்மானத்தை ஈடுகட்ட உள்ளே வளர்ந்த பற்திசுவாக இருக்கலாம். துளையா புள்ளியா என்பதை மருத்துவர் கூர்க்கருவியால் தடவிப் பார்த்துச் சொல்வார்.

7. மருத்துவரைப் பார்க்கும் வரை

மனிதருக்கு: சிறுநீரகம், குடல்புண், ஆஸ்துமா தொல்லை இல்லாத பெரியவர்கள் ஐபுபுரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 1,200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. பாராசிட்டமாலைச் சேர்த்து எடுக்கலாம். அதன் உச்சவரம்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4,000 மி.கி. கல்லீரல் நோயாளிகளுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. கடையில் கிடைக்கும் சில மாத்திரைகளில் இந்த இரண்டும் ஏற்கெனவே கலந்திருக்கும். அட்டையைப் படிக்காமல் தனியாகவும் ஒன்று போட்டால் கணக்கு தப்பிவிடும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரோஃபென் எடுக்கக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள். இரவில் தலையணையை உயர்த்திப் படுங்கள். கிராம்பு எண்ணெய் சற்று மரக்க வைக்கும், உண்மைதான். பஞ்சில் ஒரு சொட்டு விட்டுப் பல்லின் குழியில் மட்டும் வையுங்கள். ஈறில் பட்டால் வெந்துவிடும்.

செய்யக் கூடாதவை: ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கி வைப்பது (புண்ணாகும்), கன்னத்தில் ஒத்தடம் என்று சூடு வைப்பது (சீழ் கன்னத்துத் தோல் வழியே உடையப் பார்க்கும்), ஊசியால் குத்துவது. மருந்துக் கடையில் 'ஒரு வேளைக்கு' என்று வெட்டிப் பொட்டலம் கட்டித் தரும் மாத்திரைகளும் இதில் சேர்த்தி. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, மறுநாள் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு இருந்தால் வீக்கம் மட்டும் அமுங்கி, கிருமி உள்ளே வளரும்.

நாய்க்கு: உங்கள் மாத்திரைப் பெட்டியை மூடி வையுங்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் ஆகியவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் வேண்டாம், வீட்டில் பூனை இருந்தால் ஒரே ஒரு மாத்திரைகூட அதன் உயிரை வாங்கிவிடலாம். மனிதப் பற்பசையும் வாய் கொப்பளிப்பானும் கூடாது. அவற்றில் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். நீங்கள் செய்யக்கூடியது மென்மையான உணவு கொடுப்பது, எலும்பையும் கடினப் பொருள்களையும் அப்புறப்படுத்துவது, சீழ் உடைந்திருந்தால் சுற்றிலும் துடைத்து ஈ மொய்க்காமல் காப்பது. ஈ உட்கார்ந்த புண்ணில் இரண்டொரு நாளில் புழு வைத்துவிடும். தெருநாய்களில் பல்லைவிட அதுவே பெரிய பிரச்சினையாகிவிடுகிறது.

8. பல் மருத்துவரிடம்

முதலில் எக்ஸ்ரே. பல்லைத் தட்டிப் பார்ப்பார். குளிர் வைத்து நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார். வேர் நுனியில் கறுப்பு நிழல் தெரிந்தால் எலும்பு கரைந்திருக்கிறது. சீழ் பிடித்துச் சில நாள்தான் ஆகிறது என்றால் நிழல் தெரியாமலும் இருக்கலாம். எலும்பு ஓரளவு கரைந்த பிறகே படத்தில் விழும். 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்று கேட்டதும் எழுந்து போய்விடாதீர்கள்.

அதற்குப் பின் பாதை இரண்டுதான்: ரூட் கேனல், அல்லது பல்லை எடுப்பது. இரண்டுமே செத்த கூழை அகற்றுகின்றன. ஈறு பழுத்திருந்தால் கீறிச் சீழை வெளியேற்றுவதும் சேரும். வெறும் ஆன்டிபயாடிக் மட்டும் எழுதி அனுப்பினால், அடுத்து எப்போது வேலையைத் தொடங்குவீர்கள் என்று தேதி கேளுங்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெரியவருக்கு, பல்லில் உடனே சிகிச்சை செய்ய முடிந்தால் பெரும்பாலான நிலைகளில் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. காய்ச்சல் இருந்தாலோ வீக்கம் பரவினாலோ கணக்கு வேறு. மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் அந்த நாள்களில் மது தொடக் கூடாது.

வீக்கம் வடிந்த பிறகுதான் பல்லில் கை வைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதை மருத்துவரின் முடிவுக்கு விடுங்கள்; பல நேரம் வழி திறந்துவிட்டால்தான் வீக்கமே வடியும். மரப்பு ஊசி சரியாகப் பிடிக்கவில்லை என்றால் உடனே கையை உயர்த்திச் சொல்லுங்கள். சீழ் பிடித்த சதையில் அமிலத்தன்மை கூடுவதால் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. வேறு இடத்தில் நரம்பைத் தேடிப் போடுவார்கள்.

எனக்குத் துளை போட்ட அந்தக் கணம் மறக்காது. கருவி உள்ளே இறங்கியதும் அழுகிய முட்டை நாற்றம் ஒன்று மூக்கில் ஏறியது. மஞ்சளாக ஒரு சொட்டு, பிறகு ரத்தம் கலந்து கொஞ்சம். அழுத்தம் இறங்கியதும் மூன்று இரவு தூங்காத நான் அந்த நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டேன்.

அடுத்த தவறு இங்கேதான் நடக்கிறது. ரூட் கேனலுக்கு இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள். முதல் தடவையே வலி போய்விடுவதால் பலர் திரும்பிப் போவதில்லை. மேலே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. சில வாரத்தில் அது கசியும். எச்சிலும் கிருமியும் மறுபடி உள்ளே போகும். கடைவாய்ப் பல்லுக்குக் கடைசியில் கேப் போடச் சொல்வதையும் தவிர்க்காதீர்கள். துளைத்துக் குடைந்த பல் கடலை உருண்டையில்கூடப் பிளக்கும், பிளந்தால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போகலாம்.

பணம்தான் தடை என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவையோ சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தையோ பாருங்கள். பாதி ரூட் கேனலோடு நிறுத்துவதைவிடப் பல்லை எடுத்துவிடுவது மேல்.

9. கால்நடை மருத்துவரிடம்

போவதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டியது ஒன்று: 'வாய்க்குள் வைத்து எடுக்கும் பல் எக்ஸ்ரே இருக்கிறதா?' எல்லா இடத்திலும் இருக்காது. நாயின் பல்லில் முக்கால் கதை ஈறுக்குள் இருக்கிறது. படம் இல்லாமல் எந்த வேர் கெட்டது என்று தெரியாது, பிடுங்கிய பின் வேர்த்துண்டு மிச்சமா என்றும் தெரியாது. அருகில் இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் விசாரியுங்கள்.

மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும். பயப்படுவது இயல்பு. ஆனால் மயக்காமல் சுரண்டித் தருகிறோம் என்பவர்கள் கண்ணுக்குத் தெரியும் காரையை மட்டும் எடுப்பார்கள். சீழ் இருப்பது வேரில். மயக்கத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், அதில் தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) எண்ணிக்கையும் இருக்கட்டும். நம் ஊர் நாய்களிடம் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். அது தட்டணுக்களைக் குறைத்துவிடும். அது தெரியாமல் மூன்று வேர்ப் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. கருப்பனுக்கு அப்படிக் குறைவாகத்தான் இருந்தது. முதலில் காய்ச்சலுக்கு மருந்து, பல் பிறகு என்று வரிசை மாறியது.

எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'பாவம், பசிக்குமே' என்று பாட்டி யாராவது காலையில் பிஸ்கட் போட்டுவிடுவார். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

மூன்று வேர்ப் பல்லை அப்படியே பிடித்து இழுக்க மாட்டார்கள். பல்லை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு வேராக நெம்பி எடுத்து, ஈறு மடலால் மூடித் தையல் போடுவார்கள். தையல் தானே கரைந்துவிடும். நாய்க்கும் ரூட் கேனல் உண்டு, செய்கிறவர்கள் குறைவு. வீட்டு நாய்க்கு அந்தப் பல் இல்லாமலே வாழ்க்கை ஓடிவிடும் என்பதால் நான் எடுப்பதற்கே சம்மதித்தேன்.

10. வீட்டுக்கு வந்த பின்

பல் எடுத்த மனிதர் பஞ்சை அரை மணி நேரமாவது கடித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவோ துப்பவோ ஸ்ட்ரா வைத்து உறிஞ்சவோ புகைக்கவோ கூடாது. குழியில் உறைந்த ரத்தம்தான் காயத்துக்கு மூடி, அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறைவதற்குப் பதில் கூடினால் அப்படி ஆகியிருக்கலாம். திரும்பிப் போய்க் காட்டுங்கள். ரூட் கேனல் செய்தவர்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒரு முறை எக்ஸ்ரே எடுத்து, அந்தக் கறுப்பு நிழல் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாய்க்கு இரண்டு வாரம் குழைந்த சோறு, வேகவைத்த கோழி. முகத்தைச் சுரண்டாமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. கயிறு இழுக்கும் விளையாட்டு கூடாது. மருத்துவர் எழுதிய வலி மருந்தை, நாய் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் சொன்ன நாள் வரை கொடுங்கள். காட்டிக்கொள்ளாததுதான் நாயின் சுபாவம் என்று ஏற்கெனவே பார்த்தோம். இரண்டு வாரத்தில் தையலைக் காட்ட வேண்டும்.

எலும்பைப் பொறுத்தவரை ஒரு சோதனை: கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழாத எதையும் நாய்க்கு மெல்லக் கொடுக்கக் கூடாது. ஆட்டுக்கால் எலும்பு அதில் தோற்கும், மான்கொம்பும் தோற்கும்.

மாதம் ஒருமுறை கருப்பனின் உதட்டைத் தூக்கி இரண்டு பக்கமும் படம் எடுத்து வைக்கிறேன். அவனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு துண்டு வெந்த ஈரலைக் காட்டினால் மட்டும் பொறுத்துக்கொள்கிறான். இப்போது அதை வலது பக்கத்திலும் மெல்லுகிறான்.